டான்செட்டும் பத்தாம் வகுப்புத் தமிழும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் சிவதாபுரத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பி.காம். முடித்துவிட்டு எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வு எழுதப்போகிறேன். கணக்கு ஓரளவு வருகிறது. ஆங்கிலத்தில் வாக்கியத் திருத்தம் வந்தால் கை நின்றுவிடுகிறது. கோடு போட்ட பகுதிக்குப் பதிலாகக் கொடுக்கும் விடைகள் எல்லாமே எனக்குச் சரியாகப் படுகின்றன. என் தோழி ஏற்காட்டில் கான்வென்டில் படித்தவள். "மனசுக்குள்ள வாசிச்சுப் பாரு, தப்பு காதுக்கே உறுத்தும்" என்கிறாள். எனக்கு எதுவும் உறுத்துவதில்லை. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை, வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை. சீனியர் ஒருவர் ஜிமேட் என்ற சர்வதேச எம்பிஏ நுழைவுத்தேர்வுக்கான பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதைப் படிப்பதா, இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து படிப்பதா, தினமும் தி இந்து படிப்பதா, கோச்சிங் சேர்வதா என்று குழப்பமாக இருக்கிறது. காது இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்விகள் வருமா?

ச.

அன்புள்ள ச.,

வரும். உங்கள் தோழியின் யோசனையை மட்டும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அவர் சொல்வது பொய்யில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த மொழியில் பிழை உறுத்தத்தான் செய்யும். ஆனால் கேள்வி தயாரிப்பவருக்கும் அது தெரியும். அந்தக் காதை ஏமாற்றுவதற்கென்றே அவர் வாக்கியம் கட்டுகிறார். கொலுசில் பற்றவைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று உங்கள் அப்பா ஆட்டிச் சத்தம் கேட்டா முடிவு செய்வார்? வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துக் கண்ணால்தானே பார்ப்பார்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம்ம ஊர் சரக்கை வைத்து நானே செய்தது.

"தி குவாலிட்டி ஆஃப் தி காபி பீன்ஸ் க்ரோன் ஆன் தி ஸ்லோப்ஸ் ஆஃப் தி ஷெவராய் ஹில்ஸ் ஹேவ் இம்ப்ரூவ்ட்."

கோடு போட்ட இடம் "ஹேவ் இம்ப்ரூவ்ட்". கொடுத்திருக்கும் விடைகள்: "ஹேவ் இம்ப்ரூவ்ட்", "ஹேஸ் இம்ப்ரூவ்ட்", "ஹேவிங் இம்ப்ரூவ்ட்", "ஆர் இம்ப்ரூவிங்". வேகமாக வாசித்தால் "ஹில்ஸ் ஹேவ்" என்று சுகமாக ஓடும். பீன்ஸ், ஸ்லோப்ஸ், ஹில்ஸ் என்று மூன்று பன்மைகள் வரிசையாக வந்து காதை நிரப்பிவிட்டன. கான்வென்ட் காதும் இங்கே வழுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, முன்னேறியது எது என்று கேட்பது. தரம். தரம் ஒன்றா, பலவா? ஒன்று. அப்படியானால் "ஹேஸ்". இடையில் கிடக்கும் காபிக்கொட்டை, சரிவு, சேர்வராயன் மலை எல்லாம் அந்தத் தரத்துக்கு ஒட்டிய விவரங்கள், வினைமுற்றோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. "ஹேவிங்" போட்டால் வாக்கியத்தில் வினைமுற்றே இல்லாமல் போய்விடும். "ஆர்" திரும்பவும் பன்மை. முடிந்தது. டான்செட் பேப்பரில் எழுதும் தேர்வு என்பதால் வினாத்தாளிலேயே எழுவாயின் கீழும் வினைமுற்றின் கீழும் ஒரு கோடு இழுத்துக்கொள்ளலாம்.

இதை எங்கே படித்தீர்கள் என்று யோசியுங்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று ஒரு பாடம் வந்திருக்கும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு, அதாவது பிழை, 7 வகை. நன்னூல் சொல்லும் கணக்கும் அதுதான். மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். வாக்கியத் திருத்தம் என்று அண்ணா பல்கலைக்கழகம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாடத்தைத்தான், ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்ததைக் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இலக்கணத்தைப் பெயர் சொல்லிப் படித்தவர் நீங்கள். உங்கள் தோழி கேட்டுப் பழகியவர். அவரிடம் "ஏன் தப்பு?" என்று கேட்டுப் பாருங்கள், பாதி கேள்விக்கு "ஏதோ ஒரு மாதிரி இருக்கு" என்பார்.

ஒருமை பன்மையிலேயே இன்னொன்று. நம்மூர் பிளக்ஸ் போர்டுகளில் "ஒவ்வொரு தொண்டர்களும்" என்று பார்த்திருப்பீர்கள். "ஒவ்வொரு தொண்டரும்" என்பதுதான் சரி. அதே பிழைதான் "ஈச் ஆஃப் தி வர்க்கர்ஸ் ஹேவ் ரிசீவ்ட் எ போனஸ்". ஈச் என்றால் தனித்தனியாக ஒவ்வொருவர், ஆகவே "ஹேஸ்". போர்டில் கண் உறுத்தினால் கேள்வித்தாளிலும் உறுத்தும்.

அடுத்து எச்சம், அதாவது முற்றுப்பெறாமல் நிற்கும் வினை. இதில் நிறைய மார்க் இருக்கிறது, கோச்சிங்கில் இதைத்தான் பெரிய ரகசியம் போலச் சொல்வார்கள்.

"கம்ப்ளீட்டட் இன் 1934, டெல்டா ஃபார்மர்ஸ் டிபெண்ட் ஆன் தி மேட்டூர் டேம்."

இதை அப்படியே தமிழில் போடுங்கள். "1934-இல் கட்டி முடிக்கப்பட்ட டெல்டா விவசாயிகள் மேட்டூர் அணையை நம்பியிருக்கிறார்கள்." சிரிப்பு வருகிறதல்லவா? பெயரெச்சம் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்திலும் அதேதான். காற்புள்ளிக்கு முன்னால் இப்படி ஒரு துண்டு தனியாக நின்றால், காற்புள்ளியைத் தாண்டியதும் வருகிற பெயர் அந்தத் துண்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். "கம்ப்ளீட்டட் இன் 1934, தி மேட்டூர் டேம்..." என்று தொடங்கும் விடையைத் தேடுங்கள். மற்றவற்றை வாசிக்கவே வேண்டாம்.

வினையெச்சமும் அப்படித்தான். "வாக்கிங் அப் தி காட் ரோடு, தி மிஸ்ட் பிகேம் திக்." மலைப்பாதையில் நடந்தது யார், பனியா? செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று எச்சங்களைப் பற்றித் தொல்காப்பியம் "முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்கிறது. எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்ய வேண்டும் என்பது பொருள். நடந்து என்று தொடங்கினால் நடந்தவர்தான் அடுத்த வேலையையும் செய்யவேண்டும். ஆங்கிலத் தேர்வு கேட்பதும் அதே. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. "மழை பெய்து ஏரி நிறைந்தது" என்று எழுதினால் தமிழில் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை, நாம் இதில் கொஞ்சம் தாராளம். தேர்வு தாராளமில்லை.

வரிசையாக அடுக்கும்போது எல்லாம் ஒரே வடிவத்தில் வர வேண்டும் என்பது இன்னொரு விதி. "தே பிக் தி பெர்ரீஸ், பல்ப் தெம் அண்ட் ட்ரையிங் தெம்" தவறு, "ட்ரை தெம்" என்று முடிய வேண்டும். "பழத்தைப் பறிக்கிறார்கள், தோலை நீக்குகிறார்கள், காயவைப்பதும்" என்று யாராவது தமிழில் முடிப்பார்களா? இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்குமா? கொடுக்காது. சில இடங்களில் காலைவாரிவிடும். அங்கேதான் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

முதலாவது ஒப்பீடு. "தி க்ளைமேட் ஆஃப் ஏற்காடு இஸ் கூலர் தேன் சேலம்." தமிழில் "ஏற்காட்டின் தட்பவெப்பம் சேலத்தைவிடக் குளிர்ச்சி" என்றால் பிழையாகத் தெரியாது. சேலத்துத் தட்பவெப்பம் என்று நாமே நிரப்பிக்கொள்வோம். ஆங்கிலத் தேர்வு நிரப்பிக்கொள்ளாது. தட்பவெப்பத்தை ஒரு ஊரோடு ஒப்பிடுகிறாயே என்று கேட்கும். "தேன் தட் ஆஃப் சேலம்" என்று வரவேண்டும். "தேன்" வந்தால் நின்றுவிடுங்கள், இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று பாருங்கள்.

இரண்டாவது காலம். "ரெண்டு வருஷமா சேலத்துல இருக்கேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் "ஐ ஆம் லிவிங் இன் சேலம் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று ஆகும். அதில் இரண்டு பிழை. தொடங்கி இன்னும் முடியாத செயலுக்கு ஆங்கிலம் "ஹேவ் பீன் லிவிங்" கேட்கும். கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய நேரத்துக்கு "சின்ஸ்". "ஃபார் டூ இயர்ஸ்", "சின்ஸ் 2022". தமிழ் பேசுபவர்கள் எழுதும் தேர்வில் இது வராமல் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மரபு. மரபு வழுவுக்குக் காரணம் கேட்க முடியாது. யானைக்குட்டியைக் கன்று என்கிறோம், ஏன் என்றால் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள். ஆங்கிலத்திலும் அதே கதை. "டிஸ்கஸ் அபவுட்" கிடையாது, "டிஸ்கஸ்" போதும். "கோப் அப் வித்" இல்லை, "கோப் வித்". "ப்ரிஃபர்", "சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்" இவற்றுக்குப் பின்னால் "தேன்" வராது, "டு" வரும். "பிட்வீன்" வந்தால் "அண்ட்" வரவேண்டும், "டு" வரக்கூடாது. "கம்ப்ரைசஸ் ஆஃப்" தவறு, "கம்ப்ரைசஸ்" அல்லது "கன்சிஸ்ட்ஸ் ஆஃப்". நம் ஆபீஸ்களிலும் பேங்க்குகளிலும் தினமும் இவற்றைத் தப்பாகவே கேட்கிறோம், அதனால் காதை நம்பவே முடியாது. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பழைய வினாத்தாளில் நீங்கள் தப்புவிட்டவை மட்டும் அதில் இருந்தால் போதும். யாரோ தொகுத்த பெரிய பட்டியலை மனப்பாடம் செய்வது வீண்.

"எ", "தி" இரண்டும் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அவை மட்டுமே வித்தியாசமாக வரும் கேள்வியில் சிக்கிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள்.

விடைகளை எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். ஒவ்வொரு விடையையும் வாக்கியத்தில் பொருத்தி முழுசாக வாசித்துப் பார்ப்பது பலருக்கு வழக்கம். மூன்றாவதைத் தாண்டும்போது எல்லாமே ஒன்றாகிவிடும். உங்களுக்கு "எல்லாமே சரியாகப் படுவது" இதனாலும்தான். வாக்கியத்தை ஒரு முறை வாசியுங்கள். பிறகு விடைகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எங்கே பிரிகிறது? இரண்டில் "இஸ்", இரண்டில் "ஆர்" என்றால் கேள்வி ஒருமை பன்மை. அதை முடிவு செய்தால் பாதி கழிந்துவிடும். மிச்சம் இருப்பவற்றில் இன்னொரு பிரிவு தேடுங்கள். கடைசியில் இரண்டு நின்றால் இரண்டையும் தமிழில் மாற்றி, எது சொல்ல வந்ததை மாற்றாமல் சொல்கிறது என்று பாருங்கள். அளவில் சிறியதே சரி என்று ஒரு குறுக்குவழி ஊரில் சுற்றுகிறது. சரியான இரண்டு விடைகள் நிற்கும்போது மட்டும் அது உதவும். அப்படி நிற்பது அபூர்வம்.

டான்செட் எம்பிஏ தாளில் 2 மணி நேரத்தில் 100 கேள்வி, ஒன்றுக்கு 72 வினாடிதான் வருகிறது. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். வாக்கியத் திருத்தத்தை அதற்குள் முடித்து மிச்சப்படுத்தும் நேரம், தகவல்களைக் கொடுத்துக் கேட்கும் டேட்டா கேள்விகளுக்குப் போகட்டும்.

சீனியர் கொடுத்த ஜிமேட் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டாம். ஜிமேட்டிலேயே இப்போது வாக்கியத் திருத்தம் கிடையாது. 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஐஐஎம்களுக்கான கேட் தேர்விலும் இப்போது நேரடி இலக்கணக் கேள்வி வருவதில்லை. ஆனால் அந்தப் பழைய ஜிமேட் கேள்விகளைப்போல் கவனமாகச் செய்தவை குறைவு. ஐந்து விடைகளில் முதலாவது கோடு போட்ட பகுதியை அப்படியே திரும்பச் சொல்லும், அதை வாசிக்கவே தேவையில்லை. எளிதான பாதியைப் போடுங்கள். விடையைவிட, மற்ற நான்கும் ஏன் தப்பு என்று கொடுத்திருக்கும் விளக்கத்தை வாசியுங்கள். கஷ்டமான பாதி டான்செட்டுக்கு அதிகப்படி.

தி இந்து படிக்கலாம், நல்லது. ஆனால் அது மரபு படிவதற்கான வழி, படிய வருஷங்கள் ஆகும். தேர்வுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது தலையங்கத்தில் தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருப்பது படிக்கிறோம் என்ற திருப்தியைத் தரும், அவ்வளவுதான். தலையங்கம் வாசித்தே தீருவேன் என்றால் வார்த்தையை விட்டுவிட்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் வினைமுற்றையும் தேடுங்கள்.

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தவர்கள் பெயர்ச்சொல் வகைகளைத் தாண்டி நான் பார்த்ததில்லை. எழுவாய் வினை இயைபு, எச்சங்கள், காலம், ஒப்பீடு என்று இந்த அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங் பற்றி. ஆங்கிலத்துக்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம். டேட்டா கேள்விகளில் வேகம் வரவில்லை என்றால் அதற்காகச் சேருங்கள், சேரும் முன் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.