செத்தவர் குரலுக்குப் புதுப் பீட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கட ஊர் ராப் பாடகர் ஒருவர் காலமாகி மூன்று வருசம். அவர் பாடி வைத்த ஒன்பது பாட்டை எடுத்து, புதுப் பீட் (பின்னணித் தாள இசை) போட்டு அல்பமாக விடப்போகினமாம். தாயிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ‘ஹாட் டிஸ்க் எங்கட, பாட்டும் எங்கட’ என்று ஸ்ரூடியோக்காரர் நிற்கினம். இது நியாயமா?
– வாசகர், மல்லாவி

பதில்: டிஸ்க் அவர்களுடையதாக இருக்கலாம், வரிகள் அல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பின்னும் 70 வருடத்துக்கு உரிமை உண்டு. பாடகர் ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வாரிசுகளிடம்தான் போக வேண்டும். ஒரு தாள் போதும்: ஒன்பது பாட்டின் பெயர், குரலில் என்ன மாற்றலாம், வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம், மூலப் பிரதி யாரிடம்.

தாய் சம்மதித்தாலும் சண்டை ஓய்ந்துவிடாது. 1996இல் இறந்த அமெரிக்க ராப் பாடகர் டுபாக்கின் குரலை வைத்து 2004இல் ‘லோயல் டு த கேம்’ அல்பம் வந்தபோது தாயாரும் அதில் பங்காளிதான். ஆனால் தயாரித்த ராப் பாடகர் எமினெம் சுருதியையும் வேகத்தையும் மாற்றி, சொற்துண்டுகளை ஒட்டி, டுபாக் இறந்த பிறகு உருவான குழுவின் பெயரையே அவர் வாயில் வரவைத்தார். ரசிகர்கள் கொதித்தது அதற்குத்தான்.

தமிழில் இந்த ஒட்டுவேலை இன்னும் மோசம். எழுத்து எழுத்தாக இழுத்துத் தாளத்தில் உட்காரவைத்தால் குறில் நெடிலாகிவிடும். ‘படு’ என்றவர் ‘பாடு’ என்பார். ஆகவே குரலைப் பீட்டுக்கு இழுக்காதீர்கள், பீட்டைக் குரலுக்கு அமையுங்கள். 64 தட்டுக்கு எத்தனை செக்கன் என்று பாருங்கள். 3840ஐ (64 × 60) அந்தச் செக்கனால் பிரித்தால் பீபீஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. 43.6 செக்கன் என்றால் 88. இன்னொரு காரணமும் உண்டு: ஹெட்போனில் ஓடிய பழைய பீட் மைக்கில் ஒழுகியிருக்கும். வேகம் மாறினால் அந்தச் ‘சிக் சிக்’ புதுப் பீட்டோடு முட்டும். மூச்சு இடைவெளியில் அதை வெட்டலாம், சொல்லுக்கு அடியில் கிடப்பதை வெட்ட ஏலாது.

கேள்வி: பழைய வேவ் பைல்களில் குரல் கனத்து, வெறியில் பாடுகிற மாதிரி இழுபடுகிறது. டிஸ்க் பழுதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: டிஸ்க்கைக் குறை சொல்ல முதல் நேரத்தைப் பாருங்கள். 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 செக்கன் ஓடுகிறதா? செக்கனுக்கு 48,000 ஒலி மாதிரி (சாம்பிள்) என்று பதிந்ததை 44,100 என்று நினைத்து மென்பொருள் ஓட்டுகிறது. சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். பிட்ச் கருவியால் ஏற்றித் திருத்த வேண்டாம், ஒலி கரகரக்கும். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டிராக் பெயரை அழுத்தி ‘ரேட்’டில் 48,000 என்று கொடுத்தால் சரி. எதைத் தொட முதலும் இரண்டு பிரதி எடுங்கள். பழைய புரொஜெக்டைப் புது மென்பொருளில் திறந்து அதே பெயரில் சேவ் பண்ணினால், பழைய மிக்ஸ் போனது போனதுதான்.

கேள்வி: பாதியில் நின்ற பாட்டின் இரண்டாம் சரணத்தை ஏஐ குரலால் நிரப்பலாமா?
– வாசகி, முழங்காவில்

பதில்: வேண்டாம். 2024இல் ராப் பாடகர் டிரேக், டுபாக்கின் ஏஐ குரலைப் பாவித்து, உரிமைதாரரின் சட்டத்தரணி கடிதம் போட்டதும் பாட்டை இறக்கினார். கூடப் பாடிய நண்பர் ஒருவர் தன் குரலில் பாடட்டும், அட்டையில் அவர் பெயரும் வரட்டும். ஆளில்லையா? சரணத்தின் இடத்தில் பீட்டை மட்டும் ஓடவிடுங்கள்.