மூட்டை கட்டுவதற்கு முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. வெளிநாட்டில் வாத்தியார் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள். ஊரோடு வந்துவிடுவது என்று முடிவு செய்தாயிற்று, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நானும் எத்தியோப்பியாவில் பஹிர் தார் நகரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையோரம் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியவள்தான். அதனால் இந்த இதழின் பக்கங்களை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் பல வருடமாக இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் அதே பள்ளியில் கணக்கு. நீடாமங்கலம் பக்கத்தில் மாமியார் தனியாக இருக்கிறார். அடுத்த கோடையில் ஒரேயடியாக வந்துவிடப் போகிறோம். பெண் எட்டாவது படிக்கிறாள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள் அம்மா. பாத்திரம் பண்டத்தைக் கடைசி வாரத்தில் கட்டிக்கொள்ளலாம். அங்கே மட்டும் கிடைக்கிற கையெழுத்துகளை இப்போதே வாங்கத் தொடங்க வேண்டும். தீவுப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் மாறிக்கொண்டே இருப்பார். உங்களை வகுப்பில் பார்த்த மனிதர் அந்த நாற்காலியில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. நீங்கள் விமானம் ஏறிய பிறகு அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, சொல்லிக்கொடுத்த பாடம், எடுத்த வகுப்புகள், முழுநேர வேலை என்ற சொல், எந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தீர்கள் என்ற விவரம், இத்தனையும் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் சான்றிதழில் விடுவித்த தேதிக்குப் பதிலாக ‘டில் டேட்’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இங்கே வேலைக்குப் போன பள்ளியில், ‘அப்படியானால் நீங்கள் இன்னும் அங்கேதானே வேலையில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, அத்தனை வருட அனுபவத்தையும் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டார்கள். இரண்டு சொல்தான், அதில் போனது ஓர் ஆளின் உழைப்பு. வேலையில் இருக்கும்போது ஒரு சான்று வாங்கி வைத்திருந்தாலும், கிளம்பும்போது விடுவிப்புக் கடிதம் தனியாக வாங்குங்கள். ஒப்பந்த நகல்கள், சம்பளச் சீட்டுகள், வொர்க் பெர்மிட், அங்குள்ள போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். உங்களுக்கு ஒரு கோப்பு, கணவருக்கு ஒரு கோப்பு. கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

பெண் விஷயத்தில் நீங்கள் பார்த்திருக்கும் நேரம் மிகவும் சரி. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையைப் பதிவு செய்துவிடும். பத்தாவதில் புதிதாக நுழைவது கஷ்டம். அவள் ஒன்பதில் சேர்ந்துவிட்டால் அந்தச் சிக்கலே வராது. மாநிலப் பாடத்திட்டம் என்றால் பத்தாவது பொதுத்தேர்வில் தமிழ்த் தாள் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து படிப்படியாக வந்தது அது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். பேசுகிற பிள்ளைகூட ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் ஒற்றெழுத்திலும் ணகர னகரத்திலும் தடுமாறும். நம் பாடநூல்களை அரசு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கி, இன்றைக்கே தினம் ஒரு பக்கம் பார்த்து எழுத வையுங்கள். ஒரு வருடம் கையில் இருக்கிறது, அது போதும்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இங்கே தனியார் பள்ளியில் கிடைக்கும் சம்பளம் அங்கே வாங்குவதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அதை மாமியாரிடமும் பெண்ணிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் போட்டு வைத்த பணத்தை அப்படியே தொடரலாமா? வட்டிக்கு வரி இல்லை என்று சொல்கிறார்களே? — ஓர் ஆசிரியர், போட்ஸ்வானா

தொடர முடியாது தம்பி. இங்கேயே தங்குவது என்று வந்து இறங்கிவிட்டால் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அதைச் சாதாரண உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்க ஆசை என்றால் ஆர்.எஃப்.சி. என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு மாற்றலாம். எஃப்.சி.என்.ஆர். என்ற வெளிநாட்டு நாணய வைப்பு இருந்தால் அதை முதிர்வு வரை விட்டு வைக்கலாம். என்.ஆர்.இ. வட்டிக்கு வரி கிடையாது என்ற சலுகை, நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும்வரைதான்.

வரிக் கணக்கு தனி. முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கும், முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் தங்கியது மொத்தம் 729 நாளைத் தாண்டாதவருக்கும், திரும்பிய பிறகும் கொஞ்ச காலம் ‘ஆர்.என்.ஓ.ஆர்.’ என்ற இடைநிலை கிடைக்கும். வெளிநாட்டில் வரும் வருமானத்துக்கு அந்தக் காலத்தில் பொதுவாக இங்கே வரி விழாது. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைத் தேதிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள். எந்த மாதம் வந்து இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும்.

உள்ளூர்ப் பணத்தை அங்கேயே மாற்றி, வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். மாலத்தீவு ரூஃபியாவையும் எத்தியோப்பிய பிர்ரையும் கையில் வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் வங்கி வங்கியாக ஏறி இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: எத்தியோப்பியாவில் பல்கலைக்கழக விரிவுரையாளர். திரும்புவதற்கு முன்பே ஊரில் ஐந்தாறு மா நஞ்சை வாங்கிப் போட நினைக்கிறேன். பூர்வீக நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அதையும் பிரித்துக்கொண்டு நானே விவசாயம் செய்யலாம் என்று எண்ணம். — வாசகர், அடிஸ் அபாபா

முதலில் சட்டம். வெளிநாட்டுவாசியாக இருக்கும்வரை விவசாய நிலத்தை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. வந்து குடியேறிய பிறகு தாராளமாக வாங்கலாம். ‘நான் வாங்கி வைக்கிறேன், அப்புறம் உங்கள் பேருக்கு மாற்றிக்கலாம்’ என்று எந்தச் சொந்தக்காரர் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள்.

வந்த பிறகு வாங்கும்போதும் அவசரம் வேண்டாம். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாரும் பார்ப்பார்கள். நம் டெல்டாவில் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று, அது கோயில் நிலமா, மடத்து நிலமா என்பது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் நான்கு மாவட்டத்திலும் இது ஏராளம். இன்னொன்று, பதிவான குத்தகைதாரர் யாராவது அதில் இருக்கிறாரா என்பது. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். அது நியாயம்தான், அவர் காலம் காலமாக உழுதவர். தண்ணீரையும் மறக்காதீர்கள். வாய்க்கால் தலைப்பில் உள்ள மூன்று மாவும் கடைமடையில் உள்ள மூன்று மாவும் பத்திரத்தில் ஒரே ஏக்கர்தான். வயலில் அப்படி இல்லை. மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்றாலும் 2024இல் அணை திறக்க ஜூலை கடைசி ஆகிவிட்டது. குறுவை நட நினைத்தவர்களில் போர்வெல் வைத்திருந்தவர்கள்தான் துணிந்து இறங்கினார்கள்.

இனி தம்பி. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. நான் அதிகம் யோசித்தது அந்த வரியைத்தான். நீங்கள் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பினீர்கள், உண்மை. அறுப்புக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிர் முளைக்காமல் இருக்க முழங்கால் தண்ணீரில் நின்று வடிகாலை வெட்டிவிட்டது யார்? நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில், ஈரப்பதம் அதிகம் என்று நிறுத்தி வைத்த நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு, பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது யார்? அந்த நிலத்தில் உங்களுக்குப் பாதி உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வந்த மாதமே ‘பிரித்துக் கொடு’ என்று நின்றால், நிலம் மட்டுமா பிரியும்?

என் யோசனை இது. வந்த முதல் வருடம் நிலத்தைத் தம்பி கையிலேயே விடுங்கள். குறுவையிலிருந்து சம்பா அறுத்து உளுந்து தெளிப்பது வரை கூடவே வயலுக்குப் போங்கள். உரக்கடைக்குப் போங்கள், ஆள் கூலியைக் கணக்குப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டிய நெல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு போகச் சுற்று முடிந்ததும், பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து அவரவர் பேரில் தனிப் பட்டா வாங்கிவிடலாம். அப்போது தம்பியே சர்வேயரைக் கூட்டிவருவார்.

உங்கள் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே வருடத்துக்கு 13 மாதம். நம் காலண்டரைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடும் கணக்கு. கடிதத்தில் அந்த நாட்டுத் தேதி மட்டும் இருந்தால், நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததே பட்டம் வாங்குவதற்கு முன்னால் என்பதுபோல் இங்கே படிப்பார்கள். நம் காலண்டர் தேதியையும் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் ஓமனில் ஆங்கில ஆசிரியர். கல்யாணம் ஆனதிலிருந்து வருடத்துக்கு ஒரு லீவில்தான் வருவார். இப்போது நிரந்தரமாக வருகிறார். எல்லாரும் ‘இனி உனக்கு நிம்மதி’ என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ‘வந்ததும் வரவு செலவை நான் பார்த்துக்கிறேன், நீ ரெஸ்ட் எடு’ என்கிறார். இந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. — வாசகி, குத்தாலம்

தங்கச்சி, இந்தப் பயத்தில் தப்பே இல்லை. லீவில் வருகிறவருக்கு வீட்டில் விருந்து நடக்கும். நிரந்தரமாக வருகிறவர் அந்த வீட்டின் தினசரிக்குள் நுழைய வேண்டும். இது உங்கள் இரண்டு பேருக்கும் புதுசு.

எங்கள் தெருவில் ஒருவர் வளைகுடாவிலிருந்து வந்தார். தங்கமான மனிதர். வந்த வாரமே பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரை மாற்றிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் மனைவி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதார். 2018இல் கஜா புயல் அடித்து, ஊரே இருட்டில் கிடந்தபோது, விழுந்த தென்னைகளைத் தாண்டி வந்து கைக்குழந்தைக்குப் பால் ஊற்றிய ஆள் அந்தப் பால்காரர். மாதக் கணக்கைக்கூட மூன்று மாதம் கேட்கவில்லை. கணவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் இல்லாத வருடங்களில் அந்தப் பெண் யார் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார் என்று எந்தக் கணக்கு நோட்டிலும் எழுதியில்லையே. நான் சொன்னேன், ‘அழுததைப் போய் அவரிடம் சொல்’ என்று. சொன்னார். மறுநாள் காலையில் அவரே போய்ப் பால்காரரைக் கூட்டி வந்தார்.

நீங்களும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வந்த பிறகு, கோபம் வந்த நேரத்தில் சொல்வதைவிட, வருவதற்கு முன் சொல்லுங்கள். தினம் போனில் பேசுகிறீர்களே, அதில் நாளைக்கு ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கடை ஏன் அந்தக் கடை. மாமியாருக்கு எந்த டாக்டர், ஏன். சீட்டு யாரிடம் போடுகிறீர்கள். யாருக்கு எவ்வளவு மொய் எழுத வேண்டியிருக்கிறது. அவர் வரும்போது வீட்டு வரலாறு அவருக்குத் தெரிந்திருக்கும்.

கணக்கு நோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். ஒளித்தும் வைக்காதீர்கள். மாதம் பிறந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்கு உங்கள் பேரிலேயே இருக்கட்டும், அதில் நான் உறுதியாக இருக்கிறேன். இத்தனை வருடம் ஒரு குடும்பத்தை நடத்திய பெண், காய் வாங்கப் பத்து நூறு கேட்டு நிற்கும்படி ஆகக் கூடாது.

அவர் பக்கமும் பாருங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் சட்டை போட்டுக் கிளம்பி, நாள் முழுக்கப் பிள்ளைகள் ‘சார், சார்’ என்று சுற்றி நின்ற மனிதர். குத்தாலத்தில் முதல் திங்கட்கிழமை காலையில் அவருக்குப் போக ஓர் இடம் இருக்காது. ‘ரெஸ்ட் எடு, கணக்கை நான் பார்க்கிறேன்’ என்று உங்களிடம் அவர் சொல்வதில் பாதி, தனக்கு ஒரு வேலை வேண்டும் என்ற தவிப்பு என்றே எனக்குப் படுகிறது. ஒரு பொறுப்பை முழுசாக அவரிடம் கொடுங்கள். மாமியாரின் வைத்தியம் என்றால் மாத்திரை வாங்குவதிலிருந்து மாயவரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போவது வரை அவரே. நீங்கள் நடுவில் திருத்தக் கூடாது. வீட்டில் ஒரு மேசையை அவருக்கென்று காலி செய்து வையுங்கள், அவருடைய புத்தகங்களுக்கு. சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாரானால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும்.

வேலையை விடும்போது ஓமனில் சேவைக்காலப் பணம் உண்டு. கணக்கு முடித்துக் கையில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: மேட்டூர் திறக்கிற சமயம் ஜூனில் வந்து, பிறகு மெதுவாகப் பள்ளிகளில் வேலை தேடலாமா? — வாசகர், புருனே

ஜூனில் பள்ளி திறந்துவிடுமே ஐயா. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். ஜனவரியிலேயே தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பள்ளிகளுக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். ஏப்ரலில் ஒரு வாரம் லீவு போட்டு வந்து மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்கள். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எடுக்க நினைத்தால் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வயதையும் சர்க்கரையையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மருத்துவக் காப்பீட்டை வந்த பிறகு என்று தள்ளாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம் என்பது விதி. அந்தக் காத்திருப்பு நீங்கள் அங்கே சம்பளம் வாங்கும்போதே ஓடத் தொடங்கட்டும். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.