சின்ன வயதில் பார்த்த மாயக்கதை ஓவியர்களில் இன்றும் உங்கள் மனதில் நிற்பவர் யார்? ஏன்?

அம்புலிமாமா சங்கர். வேறு பேர் எனக்கு வாயில் வராது. ஒரு தோளில் பிணம், கையில் உருவிய வாள், இருட்டுக்குள் நடந்து வருகிற விக்கிரமாதித்தன். அம்புலிமாமா என்ற சிறுவர் இதழில் அந்தப் படத்தை வரைந்தவர் அவர்தான். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது என் அப்பிச்சி, அம்மாவைப் பெத்த தாத்தா. காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். தெருமுனைச் சலூனில் அட்டை போன பழைய அம்புலிமாமாக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். முடி வெட்டாத நாளிலும் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் சலூன்காரர் இரண்டு இதழ்களை வீட்டுக்கே கொடுத்துவிட்டார். சாயங்காலம் திண்ணையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பிச்சி ஆலையிலிருந்து வந்தவர், மேலெல்லாம் தவிட்டுத் தூசியோடு, பக்கத்தில் குந்தினார். அவருக்கு எழுத்து தெரியாது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "இந்த ராசா பாரம் தூக்கிப் பழகுன ஆளு, கண்ணு" என்றார்.

"எப்படிங்க அப்பிச்சி சொல்றீங்க?"

"காலப் பாரு. வெறுங்கையோட போறவன் கால் இப்படி மண்ணுல ஊனாது."

75 கிலோ மூட்டையை நாள் முழுக்க லாரியில் ஏற்றுகிறவர் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. அடுத்த லீவில் ஆலைக்குப் போய் அவர் தூக்குவதைப் பார்த்தேன். மூட்டை முதுகில் இறங்குகிற நொடியில் பாதம் விரிகிறது, முட்டி லேசாக மடிகிறது, கழுத்து தானாக ஒதுங்கி இடம் கொடுக்கிறது. வீட்டுக்கு வந்து மறுபடி படத்தைப் பார்த்தபோது ராஜா நிஜமாகவே நடந்து வருகிற மாதிரி இருந்தது.

சங்கரிடம் நான் கொண்டாடுவது இதைத்தான். பேய், பூதம் என்றாலே புகை மாதிரி, காற்று மாதிரி வரைவது சுலபம். சங்கர் வேதாளத்தை ஒரு பாரமாக வரைந்தார். கதைக்கும் அதுதான் தேவை. பிணத்தை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டு, வாய் பேசாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து அது மரத்துக்கே திரும்பிவிடும். திரும்பவும் மரம் ஏற வேண்டும். தோளில் கனம் இல்லையென்றால் இந்த அலைச்சலுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது? "சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்று இன்றைக்கும் நாம் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறோம். அந்தத் தளராமை நம் கண்ணில் பதிந்தது சங்கரின் கோட்டால்தான்.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் சொல்லும் கதைகள் வருகின்றன. பொதுவாக 25 என்பார்கள். அம்புலிமாமா அதோடு நிற்காமல் புதுப்புதுக் கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்துப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. அத்தனையையும் அந்த ஒரு தோளே தாங்கியது.

சங்கர் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பெயருக்கு முன்னால் இருக்கிற 'கே' காரத்தொழுவைக் குறிக்கிறது. தாராபுரம், உடுமலை வட்டாரத்துக் கிராமம். 1924இல் பிறந்தவர் சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய்விட்டார். அங்கே அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். அப்போது அதன் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிற உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர். சிலை வந்தது பின்னாளில், 1959இல். ஆனால் உடம்பும் பாரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதை அப்படிப் பார்த்த ஒருவரின் பள்ளியில் சங்கர் படித்தார் என்று தெரிந்தபோது எனக்கு அப்பிச்சி சொன்னதுதான் ஞாபகம் வந்தது. முடிச்சுப் போட்டது நான்தான், சங்கர் எங்கும் சொன்னதாக இல்லை.

அப்புறம் கலைமகள் பத்திரிகையில் வேலை, 1952இலிருந்து அம்புலிமாமா. அங்கே 'சித்ரா' என்ற இன்னொரு பெரிய ஓவியர் இருந்தார், அட்டைக்கு வட்டாதி பாப்பையா இருந்தார். அவர்கள் நடுவிலும் இது சங்கர் படம் என்று கையெழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

நான் இப்போது திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறேன். ஸ்கிரீனில் ஏறுகிற கோடு எப்படி இருக்க வேண்டும் என்று தினமும் பார்க்கிற வேலை. ரொம்ப மெல்லிசாகப் போனால் துணியில் விழாது, தடித்தால் அப்பிக்கொள்ளும். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் சங்கர் படங்களை ட்ரேசிங் பேப்பர் வைத்து எடுத்துப் பழகினேன். உடையின் ஒரு மடிப்பைப் பின்பற்றிப் போனால் கோடு மயிரிழையாகத் தொடங்கும், துணி இழுபடுகிற இடத்தில் தடிக்கும், தொங்குகிற இடத்தில் மறுபடி இளைத்து முடியும். எந்த இடத்தில் உடம்பு துணியைத் தள்ளுகிறது என்று அந்த ஒரு கோட்டிலேயே தெரிந்துவிடும். தூண், நகை, கிரீடம் எல்லாவற்றையும் இதே பொறுமையோடு போடுவார். இன்றைக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் அந்த நகைகளையும் தூண்களையும் மெச்சுவார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாவதுதான்.

2020 செப்டம்பர் 29 அன்று, 96 வயதில் காலமானார். பத்மஸ்ரீ அறிவிப்பு அடுத்த ஜனவரியில் வந்தது. நான்கு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. 

உங்களுக்குப் பழைய இதழ் எங்காவது கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். வேதாளத்தையும் ராஜாவின் முகத்தையும் உள்ளங்கையால் மறைத்துவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள்.