முன்பின் பார்த்திராத ஒரு வானியல் ஆர்வலரோடு கடிதம் எழுதிப் பழகுவதில் என்ன கிடைக்கும்? அதை எப்படித் தொடங்குவது?

நாம் பார்த்ததைச் சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும். என் அனுபவத்தில் அதுதான் பெரிய லாபம். நட்பு அதற்குப் பின்னாலேயே தானாக வந்துவிட்டது.

2017-லிருந்து ஒருவரோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நேரில் சந்தித்ததில்லை. அவர் ஊரில் எனக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் இருட்டும். இருவருமே வேறு வேலை பார்ப்பவர்கள். பொலிவு மாறும் விண்மீன்களைப் பின்தொடர்வதுதான் எங்களுக்குப் பொதுவான பைத்தியம்.

2019 டிசம்பரில் அவரிடமிருந்து இரண்டே வரி வந்தது. "திருவாதிரையைப் பாருங்கள். எனக்கு மட்டும்தான் மங்கலாகத் தெரிகிறதா?" அன்றிரவே வெளியே போய்ப் பார்த்தேன். வழக்கமாக 0.5 பொலிவெண்ணை ஒட்டி இருக்கும் விண்மீன் அது (எண் கூடக்கூட மங்கல் என்று பொருள்). அன்று ரோகிணியைவிடக் கொஞ்சம் மங்கியிருந்தது. ரோகிணி 0.9, அதனால் 1.0 என்று எழுதி அனுப்பினேன். அதே இரவு அவர் போட்டிருந்த மதிப்பு 1.3.

என் கணிப்பு தப்பு என்று அவர் சொல்லவில்லை. "எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரு நிமிடமாவது இருக்கும் என்றேன். அப்புறம் நீளமாக எழுதினார். சிவப்பு விண்மீனை இருட்டில் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், நேரம் ஆக ஆக அது இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். அதனால் அவர் திருவாதிரையையும் ஒப்பிடும் விண்மீனையும் மாறி மாறிச் சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுவாராம். ரோகிணியை மட்டும் நம்பாமல், 1.6 பொலிவெண் உள்ள பெல்லாட்ரிக்ஸையும் சேர்த்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கணிப்பாராம். மறுநாள் நானும் அப்படியே செய்தேன். 1.2 வந்தது.

இருவரும் ஒரே எண்ணைப் போட்டிருந்தால் இதை நான் கற்றிருக்கவே மாட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம்: நம் மதிப்பை எழுதி அனுப்பிவிட்டுத்தான் மற்றவர் கடிதத்தைப் பிரிக்க வேண்டும். தெரிந்துகொண்டு பார்த்தால் கண் அந்த எண்ணின் பக்கம் சாய்ந்துவிடும். 2020 பிப்ரவரியில் திருவாதிரை கிட்டத்தட்ட பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கே இறங்கியபோது, தனித்தனியாக எழுதிய இரண்டு கடிதத்திலும் 1.6 இருந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அந்த விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் ஒரு பகுதியை நம்மிடமிருந்து மறைத்தது என்று 2021-ல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த ஆய்வைப் பற்றியே நாங்கள் ஒரு மாதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

தூரத்தில் இருப்பவர் நண்பராக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கால் என்ற விண்மீன் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1-லிருந்து 3.4-க்கு மங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வரும். அதன் மங்கலான துணை விண்மீன் குறுக்கே வருவதால் நடக்கும் கிரகணம் அது. மங்கித் தேற ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். ஒரே இடத்தில் இருந்துகொண்டு முழுவதையும் பிடிப்பது கஷ்டம். ஒரு செப்டம்பரில் நான் இறக்கத்தை முழுவதும் பார்த்தேன், அடிமட்டத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு விடிந்துவிட்டது. அவருக்கு இன்னும் நடு இரவு. ஏற்றத்தின் பெரும்பகுதியை அவர் எடுத்தார். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தபோது ஒரு நல்ல பள்ளம் வந்தது. முதலில் அவர் புள்ளிகள் மூன்று மணி நேரம் தள்ளி விழுந்தன, காரணம் அவர் உள்ளூர் நேரத்தில் எழுதியிருந்தார். தயவுசெய்து எப்போதும் உலகப் பொது நேரத்திலேயே (UTC) எழுதுங்கள்.

அல்கால் சீராக, ஒரு கணக்கோடு மாறுவதைக் கண்டறிந்ததும் நட்புக்குள் நடந்த காரியம்தான். இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக், எட்வர்ட் பிகாட் என்று இரண்டு அண்டை வீட்டு நண்பர்கள். குட்ரிக்குக் காது கேட்காது. 1782 நவம்பரில் அல்கால் மங்குவதைப் பார்த்தபோது அவருக்கு வயது 18. ஒரு இருண்ட உடல் குறுக்கே வருகிறதோ என்று இருவரும் யோசித்தார்கள். 1784-ல் பிகாட் ஈட்டா அக்விலேயையும், குட்ரிக் பீட்டா லைரேயையும் டெல்டா செஃபையையும் மாறும் விண்மீன்களாகக் கண்டார்கள். குட்ரிக் 21 வயதில் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிகாட்டின் நினைவுதான் வரும். அதற்கப்புறம் தெளிவான இரவுகளில் தான் பார்த்ததை அவர் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

சரி, எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் யார், என்ன தொலைநோக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் ஒரு வரி போதும். ஒரே ஒரு அவதானிப்பை முழுமையாக அனுப்புங்கள்: தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது, எந்த விண்மீன்களோடு ஒப்பிட்டீர்கள். "நீங்களும் இதைப் பார்த்துச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். மேகம் மறைத்துப் பார்க்க முடியாமல் போனால் அதையும் எழுதுங்கள்.

இப்போது எங்கள் கையில் இருக்கும் வேலை நிலா. அது கார்த்திகைக் கூட்டத்துக்கு அருகில் வரும் ஓர் இரவில், இருவரும் ஒரே நொடியில் படம் எடுக்கப் போகிறோம். எங்களுக்கு நடுவே நேர்கோட்டில் கிட்டத்தட்ட 4,500 கிலோமீட்டர். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால், அந்த இடைவெளிக்கு நிலா, பின்னால் இருக்கும் விண்மீன்களிலிருந்து தன் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக விலகித் தெரிய வேண்டும். அந்த விலகலை அளந்து நிலாவின் தூரத்தை நாங்களே கணக்கிடப் போகிறோம். போன தடவை அவர் பக்கம் மழை. அடுத்த தேதியை நேற்றுதான் எழுதி அனுப்பினேன்.