கேளுங்கள், சொல்கிறோம்: பர்னஸ் ஆயில்

கேள்வி (கப்பலூர்): எங்கள் பட்டறையில் சின்ன பாய்லர், பர்னஸ் ஆயிலில் ஓடுகிறது. மார்கழி, தை விடியற்காலைகளில் பற்றவைத்ததும் கரும்புகை. சிம்னியின் அடித்தகடும் இரண்டே வருடத்தில் ஓட்டையாகிவிட்டது. ஆயிலில் கலப்படமா?

பதில்: கலப்படம் என்று முடிவுகட்டுமுன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் சூடு போதாததுதான். ஒன்று ஆயிலில், மற்றது புகையில்.

பரவலாக விற்பது, 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும் கெட்டி ஆயில். நாஸிலில் (ஆயிலைப் பீச்சும் முனை) பூவாகச் சிதற அது 20-க்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு 105 முதல் 115 டிகிரி சூடு வேண்டும். ஹீட்டர் ஒழுங்காக இருந்தாலும், அதற்கும் பர்னருக்கும் நடுவே நாலு முழம் குழாய் வெறுமனே கிடந்தால் பனியில் ஆறிப்போகும். துளி பெருத்து, அரைகுறையாக எரிந்து கரியாகிறது. குழாய்க்கு ராக்வுல் (சூடு காக்கும் பஞ்சு) சுற்றுங்கள். சூடான ஆயில் பர்னர் வாய்வரை சுற்றிவந்த பிறகே பற்றவையுங்கள். அதற்காக 120-ஐத் தாண்டவிட்டால் ஹீட்டரில் கரி பிடிக்கும். ஆயிலிலுள்ள தண்ணீர் ஆவியாகிச் சுடர் திக்கித் திக்கி எரியும். டேங்க் அடித்தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள்.

தகட்டைத் தின்பது ஆயிலிலுள்ள கந்தகம். எரியும்போது அதில் சிறு பங்கு சல்பர் ட்ரையாக்சைடாகிறது. சுமார் 150 டிகிரிக்குக் கீழே ஆறினால் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகப் படியும். புகை 180 டிகிரி காட்டுகிறதே என்பீர்கள். கணக்கில் வருவது தகட்டின் சூடு. காற்றுபட நிற்கும் வெற்றுத் தகடு புகையைவிட வெகுவாக ஆறியிருக்கும். தட்டிப் பாருங்கள், கறுப்புப் பொருக்கு செதில் செதிலாக உதிரும். சிம்னியை அடியிலிருந்து போர்த்துங்கள். பாய்லரை அடிக்கடி நிறுத்தி ஓட்டாதீர்கள். நீண்ட நாள் நிறுத்துமுன் கரியைச் சுரண்டி, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். வெறும் தண்ணீர் பட்டால் கரியிலுள்ள அமிலம் ஊறி மேலும் அரிக்கும்.

கேள்வி (திருமங்கலம்): தூத்துக்குடிக்கு வரும் கப்பல்களில் இந்த ஆயிலுக்குத் தடையாமே?

பதில்: முழுத் தடை இல்லை. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 0.5 சதவீதம், அதற்கு முன் 3.5. ஸ்க்ரப்பர் பொருத்திய கப்பல் புகையைக் கழுவிவிடுவதால் பழைய ஆயிலையே எரிக்கலாம். ஸ்க்ரப்பர் இல்லாத கப்பல், வரம்பை மீறிய ஆயிலைத் தன் எரிபொருளாக டேங்கில் வைத்திருக்கவே கூடாது என்பது அதே ஆண்டு மார்ச் 1 முதல் விதி. வரம்பு ஏன் என்பதற்குக் கணக்கு எளிது: 3.5 சதவீத ஆயில் ஒரு டன் எரிந்தால் சுமார் 70 கிலோ சல்பர் டை ஆக்சைடு.

கேள்வி (மேலூர்): கெட்டியைக் குறைக்க டீசல் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். தார் போன்ற பகுதி பிரிந்து ஸ்ட்ரெய்னரை (வடிகட்டியை) அடைக்கலாம். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு: பர்னஸ் ஆயிலின் ஃபிளாஷ் பாயின்ட் (பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு) குறைந்தது 66 டிகிரி, டீசலுக்கு 35-தான் குறைந்தபட்சம். ஆயிலுக்கென்று சூடேற்றி வைத்த டேங்கில் டீசலை ஊற்றினால் மூடிவாயில் ஒரு பொறி போதும்.