மில்லிமீட்டர் அலையில் வேண்டாததை வெட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், 70 ஜிகா ஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரோடு 3 ஜிகா சிக்னலை மிக்சரில் கலந்து 73 எடுக்கிறேன். 67-லும் அதே உயரத்துக்கு ஒரு சிக்னல் நிற்கிறது. மிக்சர் போச்சா?

பதில்: மிக்சர் நன்றாகவே இருக்கிறது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்தேதான் வரும். 70-ம் கொஞ்சம் கசிந்திருக்கும், அதையும் பாருங்கள். பேண்ட்பாஸ் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை மட்டும் விடும் ஃபில்டர், போட்டால் இரண்டும் போகும். ஆனால் அதற்கு முன்னால், 3-க்குப் பதில் 5 வைத்து ஆசிலேட்டரை 68-க்கு இறக்க முடியுமா? வேண்டாதது 63-க்குத் தள்ளிப் போய்விடும், இடைவெளி 6-லிருந்து 10 ஆகும், ஃபில்டரை அவ்வளவு கறாராகச் செய்ய வேண்டியதில்லை. பாதிப் பிரச்சினை இப்படித் திட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: வேவ்கைடே, அதாவது அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாயே, ஃபில்டர்தான் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம், கீழ்ப்பக்கத்துக்கு மட்டும். உள் அகலம் 3.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 48.4 ஜிகாவுக்குக் கீழே எதுவும் பரவாது. 25-ஐ மூன்று மடங்காக்கி 75 எடுக்கிறீர்கள் என்று வையுங்கள்: மிச்சமிருக்கும் 25 அங்கேயே செத்துவிடும், கூடவே உண்டாகும் இரண்டு மடங்கு 50 மட்டும் தப்பித்து வரும். 2.54 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறினால் வெட்டு 59-க்கு ஏறும், 50-ம் காலி. ஆனால் துண்டு நீளமாக இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் கொஞ்சம் கசியும். மேலே வரும் நான்கு மடங்கு 100-ஐ இது ஒன்றும் செய்யாது, அதற்குத் தனி ஃபில்டர்தான்.

கேள்வி: என் வேவ்கைடு ஃபில்டர் சிமுலேஷனில் 80 ஜிகாவில் கச்சிதமாக இருந்தது, அலுமினியத்தில் கடைந்ததும் 200 மெகா ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது.

பதில்: கேவிட்டி, அதாவது அலை ஒத்திசையும் உள் அறை, அதன் நீளத்தை அளந்தீர்களா? அந்த 3.1 மில்லிமீட்டர் கைடில், 80-ல் அரை அலை நீளக் கேவிட்டி சுமார் 2.35 மில்லிமீட்டர்தான், அதில் 10 மைக்ரான் பிசகினாலே கிட்டத்தட்ட அவ்வளவு நகரும். அப்புறம் வெப்பம்: அலுமினியம் டிகிரிக்கு ஏறக்குறைய 1.8 மெகா இழுக்கும், 40 டிகிரி ஏறினால் 70-க்கு மேல். பாஸ்பேண்டை, அதாவது ஃபில்டர் விடும் பட்டையை, கொஞ்சம் அகலமாக வைத்து வடிவமைத்துவிடுங்கள், திருகு வைத்துச் சரிசெய்யலாம் என்று நம்பாதீர்கள், இந்த அளவில் திருகே இழப்பைக் கூட்டும்.

கேள்வி: அதே ஃபில்டரைச் சர்க்யூட் போர்டில் மைக்ரோஸ்டிரிப்பாக, அதாவது செம்புப் பட்டைக் கோடாக, போட்டால்?

பதில்: இடம் மிச்சம், இழப்பு அதிகம். குறுகிய பாஸ்பேண்ட் வேண்டுமென்றால் வேண்டாம்.

கேள்வி: ஃபில்டர் தடுத்த சக்தி எங்கே போகும்?

பதில்: பெரும்பாலும் வந்த வழியே திரும்பும், அது ஃபில்டருக்குள் எரிந்து தீர்வதில்லை. அந்த 67 மிக்சருக்கே திரும்பி மறுபடி கலக்கும், பாஸ்பேண்டில் மேடு பள்ளம் வரும், குற்றத்தை ஃபில்டர் மேல் போடுவார்கள். நடுவில் ஓர் ஐசொலேட்டர், அதாவது ஒரு பக்கம் மட்டும் சிக்னலை விடும் சாதனம், வையுங்கள், ஆனால் அது 67-லும் வேலை செய்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு.