ஒட்டு விட்ட கிட்டாரை மறுபடி ஒட்டலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே வசிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தக்கலைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவரிடம் 38,000 ரூபாய்க்கு ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரைக் கையால் செய்து வாங்கினேன். பணத்தை யு.பி.ஐ. மூலம் அனுப்பினேன், பில் தரவில்லை. ஏழே மாதத்தில், கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது; மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் இடையே ஒட்டு விட்டுவிட்டது. மழைக்கால ஈரம்தான் காரணம், தனக்குப் பொறுப்பில்லை என்கிறார். காலையில் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிரிட்ஜையும், அன்று மாலையே கம்பி கட்டிய கிட்டாரையும் படம் எடுத்து அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வழக்குப் போட முடியுமா? ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க வேண்டும். அதற்குள் வேறோர் ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒட்டக் கூடாது. இந்த வழக்கின் முதன்மையான சாட்சியம் பிரிந்து நிற்கும் அந்த இரண்டு பரப்புகளே. மரநார் பிய்ந்து வந்திருக்கிறதா, பசை ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகக் காய்ந்து கிடக்கிறதா, பிரிட்ஜுக்கு அடியில் பாலிஷைச் சுரண்டாமலேயே ஒட்டியிருக்கிறாரா என்று, ஒட்டிய வேலையின் தரத்தைக் காட்டும் இவையெல்லாம் இன்று கண்ணால் பார்க்கக் கூடியவை. புதுப் பசை ஏறியபின் எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவை. இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு பிரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால், இன்றே கம்பிகளைத் தளர்த்தி, பிரிந்த இடங்களை அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுத்து, பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். ஞாயிறு வாசிக்க ஒரு கிட்டாரை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

வழக்குத் தாராளமாகப் போடலாம். சம்பாதிக்கும் தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்ற வாதம் எழக்கூடும். ஆனால், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கித் தாமே பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவிலுள்ள விளக்கம் சொல்கிறது. பில் இல்லாததும் பெரிய தடையல்ல. வங்கிக் கணக்கு விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும் போதும். மின்னணுப் பதிவுகளோடு பாரதிய சாட்சிய அதிநியம் என்ற இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படியான சான்றிதழை இணைத்துவிடுங்கள்; உரையாடல் இருக்கும் தொலைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

அவர் அனுப்பிய படங்கள் உங்களுக்கு மிகவும் உதவும். இன்று பட்டறைகளில் புழங்கும் மரப்பசைகள் பலவற்றில், கிளாம்ப்பை அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றாலும், ஒட்டிய இணைப்பின்மேல் 24 மணி நேரத்துக்குப் பாரம் ஏற்றக் கூடாது என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். காலையில் ஒட்டி மாலையில் கம்பி முறுக்கியிருந்தால், அதற்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பசையைப் பயன்படுத்தினார் என்பதையும், வழக்குக்கு முன் அவருக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே கேளுங்கள். ஈரத்தைக் காரணம் காட்டுவதும் எடுபடுவது கடினம்: தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் தொழில் செய்பவர், அதே மாவட்டத்தில் வாசிப்பதற்கென்று கேட்டவருக்கு, அந்த ஈரத்தைத் தாங்கும் வகையில்தான் செய்து தந்திருக்க வேண்டும். வாங்குபவர் தமது தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. ஆனால் உச்சி வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை ஒருநாளாவது விட்டிருந்தால், அந்த வெப்பத்தில் பசை இளகும் என்பதால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பின் வாயிலாக அவர் அதைத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

முதலில் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, கிட்டாரை வந்து பார்வையிட 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டம் கட்டாயமாக்கவில்லை என்றாலும் ஆணையத்தின் முன் இது உங்களுக்கு நன்மை செய்யும். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ், குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. சோதித்துத்தான் குறையை அறிய முடியும் என்றால் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப அதே சட்டத்தின் 38(2) பிரிவு வழிசெய்கிறது. நடைமுறையில் கிட்டாருக்கென்று ஆய்வகம் தேடி அலைவதைவிட, உங்களுக்கு வேண்டியவராக இல்லாத, அனுபவமுள்ள ஓர் இசைக்கருவித் தச்சர் பார்வையிட்டுக் கொடுக்கும் பிரமாண வாக்குமூலமே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

அச்சட்டத்தில், குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு இழப்பீடு வழங்கும் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயத்தின்கீழ் இழப்பீடு கேட்கச் சிலர் தூண்டுவார்கள். பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் அடங்காது. அந்தப் பக்கம் போக வேண்டாம். விலையைத் திருப்பித் தர வேண்டும் அல்லது குறையில்லாத வேறொரு கிட்டார் தர வேண்டும் என்றும், வகுப்பு நின்றதற்குக் கணக்குக் காட்டக்கூடிய தொகையும் செலவுத் தொகையும் வேண்டும் என்றும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்பது புகாரின் நம்பகத்தன்மையைக் குறைக்கும். இதற்கிடையே, தாமே சரிசெய்து தருவதாக அவர் முன்வந்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தச்சர் பார்த்துக் குறிப்பெழுதிய பிறகே, எந்த இடத்தில் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிட்டாரைக் கொடுங்கள்.